பாவு போகும், தறி போகாது

சோமனூர்ப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனால் முதல் ரெண்டு நாள் தறிச்சத்தத்தில் தூக்கம் வராது. மூன்றாம் நாள் பழகிவிடும். அப்புறம் சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். 2022 ஜனவரியிலிருந்து அந்தச் சத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நின்றிருந்தது.

கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகளில் பெரும்பகுதி கூலிக்கு ஓடுபவை. ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் அதைக் காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார். நூலும் துணியும் அவருடையது. தறி, குடோன், கரண்ட் பில், ஆள் சம்பளம், பேங்க் கடன் எல்லாம் இவருடையது. பெயரே வேடிக்கைதான்: துணி நெய்கிறவர் ஒருத்தர், உற்பத்தியாளர் இன்னொருத்தர்.

2014 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஏழு வருடம் கூலி ஏறவில்லை. 2021 நவம்பரில் அரசு முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று முடிவானது. சொன்ன கூலி வரவில்லை. 2022 ஜனவரி 9 முதல் தறிகளை நிறுத்தினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டது 19, 15. அதாவது, ஏற்கெனவே முடிவான ஒன்றைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் பட்டினி கிடந்து, அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு தறியை ஓட்டினார்கள்.

வாக்கு தவறினால் பேர் கெடாதா? அப்படித்தான் நாம் நம்புகிறோம். 11ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் வணிகம் செய்த மக்ரிபி யூத வியாபாரிகளைப் பற்றிப் பொருளாதார வரலாற்றாளர் அவ்னர் கிரைஃப் எழுதியிருக்கிறார். தூரத்து ஊரில் சரக்கை விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் ஏமாற்றினால், கடிதம் வழியாகச் செய்தி பரவும். பிறகு அந்த வட்டத்தில் யாரும் அவரை நம்பிச் சரக்கு தர மாட்டார்கள். கோர்ட்டுக்குப் போகாமலே வேலை நடந்தது என்பது அவர் வாதம்.

முதல் தடவை படித்தபோது சிலாகித்தேன். பிறகுதான் கவனித்தேன்: அங்கே பேர் கெட்டுவிடுமோ என்று பயந்தது முக்கியமாக ஏஜென்ட்தான், சரக்குக்காரர் இல்லை. சோமனூரிலும் அதே கதை. ஒரு குடோனில் துணி குறையோடு வந்தால் சாயங்காலத்துக்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். பேசிய கூலியைத் தராதவர் யாரென்பதும் ஊருக்கே தெரியும். ஆனால் அடுத்த வாரப் பாவு அவரிடமிருந்துதான் வரவேண்டும். தெரிந்து என்ன செய்ய?

மாமாவிடம் கேட்டேன், "வேற ஆளுகிட்ட போலாமுங்களே மாமா?"

"பாவு நாளைக்கே வேற ஊருக்குப் போயிரும் சாமி. காங்கிரீட்ல போல்ட் போட்ட தறி எங்க போகும்?"

விலகிப்போக முடிந்தவருக்குத்தான் அடுத்தவரின் பேர் ஒரு ஆயுதம். முடியாதவருக்கு அது வெறும் தகவல்.

2025 மார்ச் 19-ல் மறுபடி தறிகள் நின்றன. இந்தத் தடவை சோமனூர், பல்லடம் தறிக்காரர்கள் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கேட்டார்கள்.