இழுப்பு வந்த பிறகா, வரும் முன்பா? வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஆஸ்துமா வீட்டுப் பராமரிப்பு

2005 ஆகஸ்டு 11 அன்று கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, மக்கள் வீட்டுக்குள் இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டனர். பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி உள்ள, தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான பழைய லயத்து வீட்டில், கதவைச் சாத்தியும் புகை நிற்காது. அத்தகைய வீடுகளில் இழுப்பு நோய் எப்படிக் கையாளப்பட்டு வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்துகள் மாறிய அளவுக்கு அவற்றை எடுக்கும் பழக்கம் மாறவில்லை என்பதே இதன் வாதம்.

புகையே மருந்து

தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் கைவைத்தியத்தில் ஆடாதோடைக் கஷாயம், தூதுவளை ரசம், திப்பிலிப் பொடி ஆகியவை அடங்கும். ஆடாதோடையின் வாசிசினை அடியொற்றியே சளி இளக்கும் புரோம்ஹெக்சின் பின்னாளில் உருவானது. ஊமத்தையின் பயணம் இன்னும் நீண்டது. இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிக்கும் வழக்கம் 1802இல் சென்னையிலிருந்து ஜெனரல் ஜென்ட் வழியாகப் பிரிட்டனை எட்டியது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஊமத்தை ‘ஆஸ்துமா சிகரெட்’ ஆக விற்பனையானது. ஊமத்தையிலுள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும். அளவு மிஞ்சினால் சித்தம் கலங்கும். இன்றைய இப்ராட்ரோபியம் மருந்து அட்ரோபின் வழிவந்ததே. இழுப்பு வந்த நேரத்தில் அதைத் தணிப்பதே ஊமத்தைப் புகையின் நோக்கம்.

டிரெஸ்ஸரும் நள்ளிரவும்

1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஆன்ரி ஃபோகோனியே இவ்வட்டாரத்துத் தென்னமரத்தில் தொடங்கினார். ஆனாலும் வட்டாரம் நெடுங்காலம் ரப்பரையே நம்பியிருந்தது. ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக் கொட்டகை, ஈர விடியலில் பால்வெட்டு, லயத்தில் விறகடுப்பு என, இழுப்பைத் தூண்டக்கூடியவை வேலையிலும் வீட்டிலும் கலந்திருந்தன.

நோய் வந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் போவார்கள். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் வந்தது. டிஸ்பென்சரி திறந்திருப்பது பகலில். இழுப்போ பெரும்பாலும் பின்னிரவில் கடுமையாகும். அந்த நேரத்தில் நோயாளியைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, வெந்நீர் கொடுத்து, மார்பில் தைலம் தேய்த்து, விடியும்வரை காத்திருப்பார்கள். காரமான நெடி சிலருக்கு இழுப்பைக் கூட்டவும் செய்யும்.

நீலமும் பழுப்பும்

அளவிட்டு மருந்து பீய்ச்சும் இன்ஹேலர் 1956இல் வந்தது. 1969இல் சால்பியூட்டமால், 1972இல் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் அறிமுகமாயின. நீலக் குழலில் வரும் முதலாவது, இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். பழுப்புக் குழலில் வரும் இரண்டாவது, மூச்சுக்குழாயின் வீக்கத்தை நாளடைவில் வற்றச் செய்யும். நீலக் குழலின் பலன் உடனே தெரியும்; பழுப்புக் குழலின் பலன் அப்படித் தெரியாது. அதனால்தான் பழுப்புக் குழல் அலமாரியிலேயே கிடந்துவிடுகிறது.

பயன்படுத்தும் முறையிலும் தவறு நேர்கிறது. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, அழுத்தும்போதே மெல்ல இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். அவசரத்தில் பீய்ச்சினால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். 500 மில்லி பிளாஸ்டிக் போத்தலின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரைப் பொருத்திச் செய்த இடைக்குழலும் (ஸ்பேசர்) குழந்தைகளுக்கு நன்கு பயன்படும் என 1999இல் தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

2019இல் ‘ஜினா’ எனும் உலக ஆஸ்துமா அமைப்பு, உடனடி நிவாரணியை மட்டும் நம்பியிருக்கும் சிகிச்சையைப் பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் இனிப் பரிந்துரைப்பதில்லை என்றது. ஊமத்தைப் புகையிலிருந்து நீலக் குழல்வரை நீடித்த ‘வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பழக்கத்தையே அது கைவிடச் சொன்னது.

மண்ணுக்குள் தீ

இழுப்பு வந்த பிறகே மருந்தைத் தேடும் இப்பழக்கம் இவ்வட்டாரத்தில் கூடுதல் ஆபத்தானது. நீர் வடிந்த கரிச்சதுப்பு நிலத்தில் தீ மண்ணுக்கடியிலேயே புகைந்து பரவும். 2012இல் ராஜா மூசா வனக் காப்பகத்தில் பற்றிய தீ அதற்குச் சான்று. புகைமூட்டம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறண்ட மாதங்களில் வருகிறது.

முடிவுரை

2005இன் அவசரநிலை இரண்டு நாளில் விலக்கப்பட்டது. பழுப்புக் குழலின் தடுப்பு மருந்து முழுப்பலன் தரவோ வாரங்கள் ஆகும். ஆகவே புகை கண்ட பிறகு அதைத் தொடங்குவது காலம் கடந்த செயல். மே மாதத்திலேயே பழுப்புக் குழல் அன்றாடப் பழக்கமாகியிருக்க வேண்டும். நீலக் குழலுக்கும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசவும் மூச்சில்லை என்றால், அது வீட்டுப் பராமரிப்பின் எல்லை. விடியும்வரை காத்திருந்த பழைய லயத்து வழக்கம் அந்த இடத்தில் முடிய வேண்டும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.