கற்பனையும் அன்பும்: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இறைக்கட்டளைச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

இறைவனின் கட்டளைகள் அவனுடைய அன்பின் வெளிப்பாடே என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. கட்டளை என்பது ஏவுவோனின் அதிகாரத்தைக் குறிப்பது. அன்பு என்பது ஏவலுக்கு அடங்காதது. இவ்விரண்டையும் ஒரே தொடரில் இணைத்துப் பேசும் விவிலியப் பகுதிகள் எம்மொழியில் பெயர்க்கப்பெறினும் அம்மொழியின் சொற்பொருளுக்கும் இலக்கணத்துக்கும் ஒரு சோதனையாக அமைகின்றன. தமிழ் இச்சோதனையை ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக எதிர்கொண்டு வந்துள்ளது. அவ்வரலாற்றைச் சொல், வினைவடிவம், பாடவேறுபாடு என்னும் மூன்று நிலைகளில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். இறுதியில், தமிழும் மராட்டியும் அடுத்தடுத்து வழங்கும் புணேயின் போசரிப் பகுதியை முன்னிறுத்தி இச்சிக்கலின் இன்றைய நிலை ஆராயப்படுகிறது.

2. மூலமொழிகளின் நிலை

பத்துக் கட்டளைகள் என நாம் வழங்குவனவற்றை எபிரேய மூலம் கட்டளைகள் எனக் குறிக்கவில்லை, 'பத்து வார்த்தைகள்' என்றே குறிக்கிறது (யாத்திராகமம் 34:28, உபாகமம் 4:13, 10:4). 'தெக்கலாக்' என்னும் மேலைவழக்கும் இப்பொருளதே. மேலும், யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் இவ்வார்த்தைகள் ஏவலுடன் தொடங்கவில்லை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை மீட்டவன் பேசுகிறான் என்னும் அறிவிப்புடன் தொடங்குகின்றன. மீட்பு முன்னும் ஏவல் பின்னுமாக நிற்கும் இவ்வைப்புமுறையே, கட்டளையை அன்பின் தொடர்ச்சியாகக் கொள்ளும் விளக்கத்திற்கு அடிப்படை.

உபாகமம் 6ஆம் அதிகாரமோ அன்பையே கட்டளையாக்குகிறது. வில்லியம் மோரன் 1963இல் வெளியிட்ட கட்டுரையொன்று, பண்டைய மேலை ஆசிய உடன்படிக்கைகளில் சிற்றரசன் பேரரசனிடம் காட்டவேண்டிய பற்றுறுதி 'அன்பு' என்னும் சொல்லாலேயே சுட்டப்பெற்றதை எடுத்துக்காட்டியது. இதனை ஏற்பின், உபாகமத்தின் அன்பு உள்ளத்தெழும் உணர்ச்சி மட்டுமன்று; உடன்படிக்கையால் கட்டுண்ட நடத்தையுமாகும். அவ்வாறாயின் கட்டளையும் அன்பும் மூலத்தில் முரணானவை அல்ல. முரண், மொழிபெயர்க்கும் மொழியின் சொற்களில் தோன்றுவது.

3. கற்பனையும் கட்டளையும்

3.1 தமிழ்க் கிறித்தவ உரைநடையின் அச்சு வரலாறு கொல்லத்தில் 1578இல் வெளிவந்த அன்றீக்கு அன்றீக்கசின் தம்பிரான் வணக்கத்தோடு தமிழ் எழுத்தில் தொடங்குகிறது. விவிலியத்தைப் பொறுத்தவரை, சீகன்பால்கு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சிட்ட புதிய ஏற்பாடே முதலாவது. பின்னர் ஃபாப்ரீசியசின் புதிய ஏற்பாடு (1772), யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாகி 1850இல் வெளிவந்த திருப்புதல், என்றி பவர் தலைமையிலான ஐக்கியத் திருப்புதல் (1871) எனப் பல திருப்புதல்கள் தோன்றின. இவற்றுள் 1871ஆம் ஆண்டுத் திருப்புதலே சீர்திருத்தச் சபையினரிடையே இன்றளவும் பரவலாக வழங்குகிறது. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கிய பொதுமொழிபெயர்ப்பு 'திருவிவிலியம்' என வெளிவந்தது.

3.2 ஐக்கியத் திருப்புதலில் இறையாணையைக் குறிக்கும் சிறப்புச் சொல் 'கற்பனை'. 'பத்துக் கற்பனைகள்' என்பது சபைவழக்கில் நிலைபெற்ற தொடர். இச்சொல் 'ஒழுங்குபடுத்துதல், அமைத்தல்' என்னும் பொருளுடைய வடமொழி வேரடியாகப் பிறந்தது. தமிழ் அகராதிகள் இதற்கு ஆணை என்னும் பொருளையும் புனைவு என்னும் பொருளையும் ஒருங்கே பதிவு செய்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் இலக்கியத் திறனாய்வு வழக்கில் புனைவுப்பொருள் ஓங்க, ஆணைப்பொருள் சபை எல்லைக்குள் ஒடுங்கியது. சமயக்கல்வி பெறாத தமிழர் ஒருவர் இன்று 'கடவுளின் கற்பனைகள்' என்னும் தொடரைக் கேட்பின், கடவுள் புனைந்தவை என்றோ, கடவுளைப் பற்றி மனிதர் புனைந்தவை என்றோதான் பொருள்கொள்வார்.

3.3 எனினும், இச்சொல் தொடக்கத்தில் பொருத்தமானதாகத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. 'கற்பி' என்னும் வினை ஐக்கியத் திருப்புதலில் 'ஆணையிடு' என்னும் பொருளிலும் வருகிறது (சங்கீதம் 119:4). 'கல்' என்னும் தமிழ் வினையடியாகப் பிறந்து 'கல்வி புகட்டு' எனப் பொருள்படும் 'கற்பி'யும், வடமொழி வழிவந்து 'விதி, அமை' எனப் பொருள்படும் 'கற்பி'யும் பிறப்பால் வேறாயினும் வடிவால் ஒன்று. பேசுவோர் உணர்வில் இவை இணைவது இயல்பு. இதனால் கற்பனை என்பது ஏவுவோனின் ஆணையாக மட்டுமன்றிக் கற்பிப்போனின் பாடமாகவும் ஒலித்தது. எபிரேயத்தின் 'தோரா' என்னும் சொல்லும் 'சுட்டிக்காட்டு, பயிற்று' என்னும் பொருளுடைய வேரோடு தொடர்புபடுத்தப்படுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

3.4 'கட்டளை'யும் வெறும் அதிகாரச்சொல் அன்று. திருக்குறள் (505) பொன்னின் மாற்றறியும் உரைகல்லைக் கட்டளைக்கல் என்கிறது. கோயில் வழக்கில், இறைப்பணி தடையின்றி நடைபெற அடியார் நிறுவும் அறக்கொடை 'கட்டளை' எனப்படும். அளவு, ஆணை, கொடை ஆகிய மூன்று பொருள்களும் இச்சொல்லில் உள்ளன. ஆயினும் இன்றைய அலுவல் வழக்கில் ஆணைப்பொருளே முந்துகிறது.

3.5 ஐக்கியத் திருப்புதல் இவ்விரு சொற்களையும் எவ்வாறு பங்கிடுகிறது என்பது ஆய்வுக்குரியது. 176 வசனங்கள் கொண்ட சங்கீதம் 119இல் எபிரேயத்தின் சட்டச்சொற்கள் வேதம், சாட்சி, கட்டளை, பிரமாணம், கற்பனை எனத் தனித்தனியே பெயர்க்கப்படுகின்றன. 4, 5, 6ஆம் வசனங்களில் கட்டளை, பிரமாணம், கற்பனை என மூன்றும் அடுத்தடுத்து வருவதைக் காணலாம். ஆனால் யோவான் நற்செய்தியில் இவ்வொழுங்கு காணப்படவில்லை. அன்புகாட்டுமாறு கூறும் ஆணை 13:34இல் 'கட்டளை' எனவும் 15:12இல் 'கற்பனை' எனவும் பெயர்க்கப்பட்டுள்ளது. கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் 'எந்தோலே' என்னும் ஒரே சொல்தான் உள்ளது. எனவே முதலாவது இடத்தில் புதிதாகத் தரப்பட்டதே பின்னையதிலும் நினைவூட்டப்படுகிறது என்னும் தொடர்பு தமிழ்ப் படிப்பவருக்குப் புலனாவதில்லை. திருவிவிலியம் ஈரிடத்தும் 'கட்டளை' என்றே கொண்டு இத்தொடர்பை மீட்டுள்ளது.

4. அன்பை ஏவுதல்

4.1 சைவ வைணவ மரபுகளில் இறைவன் உயிர்களிடம் காட்டுவதைப் பெரும்பாலும் 'அருள்' என்றும், அடியார் இறைவனிடம் காட்டுவதை 'அன்பு' என்றும் வழங்குவர். குறள் (757) அருளை அன்பின் குழவி என உருவகிக்கிறது. கிறித்தவ மொழிபெயர்ப்பாளர்கள் கிரேக்கத்தின் 'அகாப்பே'க்கு இருதிசையிலும் 'அன்பு' என்னும் ஒரே சொல்லைக் கொண்டனர். இறைவனின் அன்பும் மனிதனின் அன்பும் ஒரே இயல்பின என்னும் யோவானின் கருத்துக்கு இத்தேர்வு இன்றியமையாதது.

4.2 'அன்பு' பெயர்ச்சொல். வினையாக்கத் துணைவினை வேண்டும். ஐக்கியத் திருப்புதல் 'அன்பாயிரு', 'அன்புகூர்' என்னும் இரண்டையும் பயன்படுத்துகிறது. திருவிவிலியம் 'அன்பு செலுத்து' என்பதை மிகுதியும் விரும்புகிறது. முதலாவது நிலையையும், இரண்டாவது பெருக்கத்தையும், மூன்றாவது செயலையும் சுட்டுகின்றன. தொல்காப்பிய உரியியல் 'கூர்ப்பு' என்பதற்கு முன்னரே உள்ள ஒன்று மிகுதல் எனப் பொருள் கூறுகிறது. இப்பொருளை ஏற்பின், 'அன்புகூர்' என்னும் ஏவல் இல்லாத அன்பை உண்டாக்கச் சொல்வதன்று. இருக்கும் அன்பை வளர்க்கச் சொல்வது. அன்பை எவ்வாறு ஏவமுடியும் என்னும் வினாவிற்கு இத்தொடர் தன் அமைப்பாலேயே ஒரு விடை தருகிறது எனலாம். இது மொழிபெயர்ப்பாளர் எண்ணித் தேர்ந்ததா, மரபுத்தொடரைப் பின்பற்றியதா என்பது வேறு. விளைவு மூலக்கருத்துக்கு இயைந்ததே.

4.3 1 யோவான் 5:3இல் 'கடவுளின் அன்பு' என்னும் பொருள்பட வரும் கிரேக்க வேற்றுமைத் தொடர் ஈரடித்தது. கடவுள் காட்டும் அன்பு எனவும், கடவுளிடம் காட்டும் அன்பு எனவும் அது பொருள்படும். தமிழில் ஆறாம் வேற்றுமை பெரிதும் முதற்பொருளையே தரும். ஐக்கியத் திருப்புதல் ஏழாம் வேற்றுமையைக் கொண்டு இரண்டாவது பொருளைத் தேர்ந்தது. சூழலுக்கு இதுவே ஏற்றது. எனினும், கட்டளைகளைப் பேணுவதில் இறைவனின் அன்பே செயற்படுகிறது என்னும் மற்றொரு வாசிப்பு தமிழில் இல்லாதாகிறது.

5. வியங்கோளின் பணி

எபிரேயப் பத்து வார்த்தைகளின் விலக்குகள் எதிர்கால வடிவோடு எதிர்மறைச்சொல் சேர்ந்து அமைந்தவை. இவற்றை ஆணையாகவும் கொள்ளலாம். இனி நீ அவ்வாறு செய்யமாட்டாய் என்னும் உறுதிமொழியாகவும் கொள்ளலாம். ஐக்கியத் திருப்புதல் இவற்றுக்கு '-ஆதிருப்பாயாக' என்னும் வடிவைக் கொண்டது. 'இருப்பாய்' என்னும் எதிர்கால முன்னிலை வினைமுற்றோடு 'ஆக' சேர்ந்த வியங்கோள் இது.

வியங்கோள் முன்னிலையில் பெரிதும் வாராது என்பது தொல்காப்பியர் கருத்து. நன்னூலார் எல்லா இடத்துக்கும் அதனை உரியதாக்கினார். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களை உரையாசிரியர்கள் இதற்குக் கூறுவர். விதித்தலும் வாழ்த்தலும் ஒரே வடிவில் அமையும் என்பதே நாம் கருதவேண்டியது. 'செய்வாயாக' என்னும் கட்டளையும் 'வாழ்வாயாக' என்னும் வாழ்த்தும் வடிவால் வேறல்ல. மேலும், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு கற்பித்த மன்றாட்டின் முதற்பகுதியும் '-வதாக' என்னும் வியங்கோள் வடிவிலேயே அமைந்துள்ளது. இறைவன் மனிதனுக்கு விதிப்பதும் மனிதன் இறைவனிடம் வேண்டுவதும் ஒரே இலக்கண வகைக்குள் அடங்குகின்றன.

திருவிவிலியம் இவ்விடங்களில் 'செய்யாதே' என்னும் நேரடி எதிர்மறை ஏவலைக் கொண்டுள்ளது. வழக்குத்தமிழுக்கு இது அண்மையது, சிறுவர்க்கும் விளங்கும். ஆனால் வாழ்த்தின் சாயல் இதில் இல்லை. 'கற்பனை'யைக் கைவிட்டதால் கற்பித்தலின் சாயலும், வியங்கோளைக் கைவிட்டதால் வாழ்த்தலின் சாயலும் ஒருசேர நீங்கின. தனித்தனியே ஏற்கத்தக்க இரு மாற்றங்கள் இணையும்போது ஆணையின் கடுமை மிகுவதை மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டும்.

6. ஓர் உயிரெழுத்தும் ஒரு கோட்பாடும்

யோவான் 14:15 அன்பையும் கட்டளையையும் நேரடியாகப் பிணைக்கும் வசனம். ஐக்கியத் திருப்புதலில் இதன் முற்றுவினை 'கைக்கொள்ளுங்கள்' என ஏவலாக உள்ளது. திருவிவிலியத்திலோ 'கடைப்பிடிப்பீர்கள்' என எதிர்காலமாக உள்ளது. இது நடைவேறுபாடு அன்று, பாடவேறுபாடு. ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியச் சுவடி உள்ளிட்ட பல சுவடிகள் 'தேரேசாதே' என்னும் ஏவல் வடிவைத் தருகின்றன. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் சுவடி 'தேரேசெதே' என்னும் எதிர்கால வடிவைத் தருகிறது. வேறுபாடு ஓர் உயிரொலியே. பழைய திருப்புதல்களுக்கு அடிப்படையான 'ஏற்கப்பட்ட பாடம்' முன்னதையும், இன்றைய ஆய்வுப் பதிப்புகள் பின்னதையும் ஏற்கின்றன.

ஏவலாயின், கீழ்ப்படிதல் அன்புக்குச் சான்றாகக் கோரப்படுகிறது. எதிர்காலமாயின், கீழ்ப்படிதல் அன்பின் இயல்பான விளைவாக முன்னுரைக்கப்படுகிறது. இறைக்கட்டளை அன்பின் வெளிப்பாடு என்னும் கோட்பாட்டிற்குப் பின்னதே நெருக்கமானது. பழைய திருப்புதலை ஓதும் சபையும் புதியதை ஓதும் சபையும் இவ்வசனத்தைப் பற்றி வேறுபடுமாயின், அவ்வேறுபாடு சமயக்கொள்கையினது அன்று. சுவடியினது என்பதை அறிதல் நன்று.

7. போசரி: இரு மொழிகளின் எல்லையில்

புணேக்கு வடக்கே, நாசிக் நெடுஞ்சாலையில் அமைந்த போசரி ஒரு பெருந்தொழிற்பேட்டை. இத்தகைய இடங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் பெற்றோரின் சமயமொழி தமிழாகவும் பிள்ளைகளின் கல்விமொழி மராட்டியாகவும் அமையும்போது இங்கு ஆராய்ந்த சிக்கல் புதிய வடிவம் பெறுகிறது. மராட்டியில் 'கல்பனா' என்பது எண்ணம், கருத்து, புனைவு ஆகியவற்றைக் குறிக்கும், ஆணையைக் குறிக்காது. எனவே மராட்டி பயின்ற பிள்ளை 'கற்பனை'யை இருமடங்கு தவறாகப் பொருள்கொள்ள வாய்ப்புண்டு.

எதிர்த்திசையிலும் இது நிகழும். மராட்டிய விவிலியத்தில் இறைக்கட்டளை 'ஆஜ்ஞா' எனப்படும். இதே வடமொழிச் சொல் தமிழில் 'ஆணை' எனவும் 'ஆக்கினை' எனவும் இருவடிவம் பெற்றது. ஆக்கினை ஐக்கியத் திருப்புதலில் தண்டனைத் தீர்ப்பைக் குறிக்கும் (ரோமர் 8:1). தமிழ் விவிலியத்தில் ஊறிய செவிக்கு மராட்டியக் கட்டளை தண்டனையாக ஒலிக்கும். மராட்டியச் செவிக்குத் தமிழ்க் கட்டளை புனைவாக ஒலிக்கும்.

ஆயினும் மராட்டி ஒரு நலனையும் தருகிறது. அம்மொழி விவிலியத்தில் கட்டளைகளோடு வரும் வினை 'பாளணே'. இது 'கடைப்பிடி' எனவும் 'பேணி வளர்' எனவும் பொருள்படும். தொட்டிலைக் குறிக்கும் 'பாளணா'வும் இதனோடு உறவுடையது. கிரேக்கத்தின் 'தேரேயோ'வும் எபிரேயத்தின் 'ஷாமர்' என்பதும் காத்தற்பொருளன. தமிழின் 'கைக்கொள்', 'கடைப்பிடி' ஆகியவை பற்றுதற்பொருளன. புணே மாவட்டத்துக் கேட்காவில் பண்டித ரமாபாய் (1858-1922) மூலமொழிகளைப் பயின்று, எளிய மக்களும் உணரும் மராட்டியில் விவிலியத்தைப் பெயர்த்தார்; அது அவர் மறைவுக்குப் பின் 1924இல் முழுமையாக வெளிவந்தது. மூலத்துக்கு உண்மையும் மக்கள் வழக்குக்கு அண்மையும் ஒருங்கே வேண்டும் என்னும் அவரது நோக்கு தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன: 'கற்பனை' தொடக்கத்தில் ஆணையையும் கற்பித்தலையும் இணைத்த பொருத்தமான சொல், பொருள்மாற்றத்தால் இன்று சபைக்கு வெளியே பயனிழந்தது. 'கட்டளை' தெளிவானது, ஆயினும் அதன் கடுமையைத் தணிக்கும் வினைவடிவம் உடன் வேண்டும். 'அன்புகூர்' என்னும் தொடரும் வியங்கோள் வடிவும் அன்பையும் விதியையும் இணைக்கத் தமிழ் தன்னியல்பாகவே கொண்டுள்ள கருவிகள். அவற்றைப் பழமை எனக் கழித்தல் தகாது. புதிய திருத்தம் செய்வோர் 'கட்டளை'யை ஏற்று, அதனோடு 'கடைப்பிடி'க்கு மாற்றாகப் 'பேணு' என்னும் வினையைச் சில இடங்களிலேனும் ஆளலாம். காத்தலும் போற்றலும் அச்சொல்லில் ஒருங்கே உள்ளன. கட்டளையின் பொருளை அதன் பெயர்ச்சொல் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனைத் தாங்கும் வினையும் தீர்மானிக்கிறது என்பதே இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவது.