ஏற்றப்பாட்டும் விண்ணப்பமும்: 1829ஆம் ஆண்டுத் தஞ்சைச் சபைப் பிளவு குறித்து ஒரு மறுவாசிப்பு

தஞ்சை மிஷன் சபையில் 1829இல் வெடித்த தகராறைப் பற்றி எழுத முனைகிற எவரும் டென்னிஸ் ஹட்சனைத் தாண்டிப் போக முடியாது. 1706 முதல் 1835 வரையிலான தமிழ் எவாஞ்சலிக்கக் கிறிஸ்தவர்களைப் பற்றி அவர் எழுதி 2000இல் வெளிவந்த நூல், அதுவரை மிஷனரிகளின் கடிதங்கள் வழியாகவே சொல்லப்பட்டுவந்த கதையைத் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வாய்மொழியாகச் சொல்ல முயன்றது. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை மிஷனரி வரலாற்றின் அடிக்குறிப்பிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் உட்காரவைத்தவர் அவர். அந்தக் கடனை ஒப்புக்கொண்டுதான் அவருடைய ஒரு முடிவை மறுக்கிறேன்.

தகராறின் சாரம் தெரிந்ததுதான். மிஷனரி சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் மறைந்த பிறகு, அவர் வளர்த்த சபை ஒரு தலைமுறைக் காலம் பழைய ஒழுங்கிலேயே நடந்தது. 1820களில் மிஷன் நிர்வாகம் ஆங்கிலிக்கச் சங்கங்களுக்குள் கைமாறியது. புதிதாக வந்த இளம் மிஷனரிகள் பல வழக்கங்களை மாற்றத் தொடங்கினார்கள். அவர்கள் இழைத்த கொடுமைகள் என்று சாஸ்திரியார் தம் விண்ணப்பத்தில் நான்கைச் சொன்னார். பெப்ரீஷியஸின் வேதாகம மொழிபெயர்ப்பு இருந்த இடத்தில் ரேனியஸின் திருத்தத்தைக் கொண்டுவந்தது ஒன்று. சாதிகளை ஒன்றாகக் கலக்கக் கட்டாயப்படுத்தியது இன்னொன்று. திருநாள், கல்யாணம் போன்றவற்றில் பூ அலங்காரத்தைத் தடுத்தது, ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் விலக்கியது ஆகியவை மற்ற இரண்டு. 1829இல் அவர் மிஷன் பணியிலிருந்து விலக்கப்பட்டார். இரண்டாம் சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார்.

ஹட்சனின் வாசிப்பில் இந்த நான்கும் ஒரே துணியின் இழைகள். வேளாளர் முதலான சாதிக் கிறிஸ்தவர்கள் தங்களை எவாஞ்சலிக்கர்களாகவும் அதே நேரத்தில் தமிழர்களாகவும் கண்டார்கள். சாதி, பூ, பாட்டு மூன்றும் அவர்களுக்கு இம்மை வாழ்வின் ஒழுங்கு. மறுமைக்கான விசுவாசத்தோடு அதற்குப் பகை இல்லை. நான் விளங்கிக்கொண்டபடி, அவர் கணக்கில் சாதியே நடுத்தூண், பாட்டு அதன்மேல் படர்ந்த கொடி. தூணை அசைத்தபோது கொடியும் அறுந்தது. பின்னால் வந்த பலரும் இதை அப்படியே எடுத்துக்கொண்டு, கீர்த்தனை மரபை உயர்சாதிக் கிறிஸ்தவத்தின் சொத்தாகவே எழுதிவிட்டார்கள்.

இதில் பாதி சரி. அந்தச் சரியான பாதியை யாரும் மழுப்பக் கூடாது. தஞ்சை மிஷன் கோயிலில் வேளாளர் முதலான சூத்திரக் கிறிஸ்தவர் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர் மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் முந்திக்கொண்டவர் யார், காத்திருந்தவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட, ஏழைகள் பசித்திருந்ததைப் பவுல் கண்டித்த நிருபம் இதே மக்கள் கையில், அதுவும் அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்த பெப்ரீஷியஸ் மொழிபெயர்ப்பிலேயே, இருந்தது. சாஸ்திரியார் தம் எழுத்தாற்றலை அந்த இருக்கை வரிசையைக் காப்பதற்கும் செலவிட்டார் என்பது வருத்தமான உண்மை. அவர் பாட்டை நேசிக்கிறவர்கள் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

மறுபாதியில்தான் எனக்குத் தடை. பாட்டு சாதியின் கொடிதானா?

அந்தக் காலத்தில் கோயிலுக்குள் ஒலித்தது என்ன என்று முதலில் பார்க்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு காலத்திலிருந்தே ஜெர்மன் ராகத்தில் தமிழ் வார்த்தைகளைப் பொருத்திப் பாடும் ஞானப்பாட்டுதான் சபை இசை. பெப்ரீஷியஸ் அதை இன்னும் செம்மைப்படுத்தினார். இன்றும் லுத்தரன் சபைகளில் அவை பாடப்படுகின்றன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும் கீர்த்தனைக்கும் நாடக வகைகளுக்கும் வீடும் பந்தலும் தெருவும்தான் இடம். அப்படியானால் 1829க்கு முன் ஆராதனையில் கீர்த்தனை இருந்ததா? நேர்ச்சான்று மெலிவானது. ஆனால் தடையே சாட்சி. இல்லாத ஒன்றை எவரும் விலக்குவதில்லை. விலக்கப்பட்டதே கொடுமை என்று ஒருவர் எழுதும்போது, கேட்டவர்களுக்கு அது பழகிய ஒன்றாக இருந்திருக்க வேண்டும். எந்த ஆராதனையில், எந்த அளவுக்கு என்பதை இந்தச் சான்று சொல்லாது. கல்யாணம், திருநாள், வீட்டு ஜெபம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை என்று நினைக்கிறேன்.

இனி சாஸ்திரியார் பாட்டுகளின் வகைகளை வரிசையாகப் பார்த்தால், ஹட்சனின் சட்டகத்துக்குள் அவை அடங்க மறுக்கின்றன. பெத்லகேம் குறவஞ்சி 1800ஐச் சேர்ந்தது. குறவஞ்சியில் கதையைத் திருப்புகிறவள் கூடையும் கோலுமாக வரும் குறத்தி. ஞான நொண்டி நாடகம் என்று ஒன்று உண்டு. நொண்டி நாடகத்தின் நாயகன் திருடிக் கால் இழந்து மனம் திரும்பியவன். சாஸ்திரக்கும்மி 1814இல் வந்தது. அது கிறிஸ்தவர்களிடையே இருந்த மூடப் பழக்கங்களைச் சாடுவது. கும்மி பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவது. ஞானத்தச்ச நாடகத்தின் தலைப்பிலேயே தச்சன் இருக்கிறான். குறத்தி, நொண்டி, தச்சன், கும்மிப் பெண்கள்: இவர்களில் வேளாளர் திண்ணையில் சமமாக உட்கார்ந்தவர் யார்?

இந்த வரிசையில் என்னை நெடுநாள் பிடித்து நிறுத்திய ஒன்று ஞான ஏற்றப்பாட்டு. அதைப் பற்றிய ஆய்வுகள் அதன் வேதாகம உள்ளடக்கத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. வடிவத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். நீர் இறைக்கும் ஏற்றத்தில், கிணற்று மேட்டில் நட்ட தூணின்மேல் துலா. அதன்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் முன்னே வந்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். பின்னே போனால் நீரோடு மேலே ஏறும். கீழே நிற்பவர் சாலைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். ஒவ்வொரு சாலுக்கும் ஓர் அடி, அடிக்கு ஓர் எண். எண்ணிக்கை தவறினால் கூலியும் தவறும், முறையும் தவறும். ஆகவே ஏற்றப்பாட்டு முதலில் ஒரு கணக்கு, பிறகுதான் பாட்டு. துலா மிதிப்பவர் பாடியதன் அடுத்த அடியைத் தாமே முடிக்க முடியாமல், அதைக் கேட்பதற்காக மறுநாள் வரை கம்பர் காத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்ற பழமொழியும் அதனோடு சேர்ந்தே வழங்குகிறது. கவிச்சக்கரவர்த்தியையே கைகட்டி நிற்கவைத்த வடிவம் என்றுதான் தமிழ் நினைவு அதைப் பாதுகாத்திருக்கிறது.

இந்த வடிவத்தைத்தான் சாஸ்திரியார் வேதாகமத்துக்குத் தேர்ந்தெடுத்தார். ஒரு சாலுக்கு ஓர் அடி என்று மேலே ஏறும் ஒழுங்கில் வேத வரலாறு சொல்லப்படும்போது, கேட்பவனுக்கு அது பிரசங்கம் அல்ல, வேலையின் ஓட்டம். ஞானப்பாட்டில் சபையார் புத்தகத்தைப் பார்த்துப் பாட வேண்டும். ஏற்றப்பாட்டுக்கு எழுத்தறிவு தேவையில்லை. அடுத்த எண் எது என்று தெரிந்தால் போதும். பிள்ளையாரை வணங்கித் தொடங்கும் வழக்கமான ஏற்றப்பாட்டின் இடத்தில் கர்த்தரை வைத்ததை மட்டும் பார்ப்பவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நினைவாற்றலை நம்பி வேதத்தை அவர்கள் வேலைக்குள்ளேயே இறக்கிய துணிவைத் தவறவிடுகிறார்கள். இந்த ஏற்றப்பாட்டின் ஆண்டைக் கொண்டு என் வாதத்தைக் கட்ட நான் விரும்பவில்லை. சாஸ்திரக்கும்மியின் 1814 போதும். உழைப்பாளரின், பெண்களின் பாட்டு வடிவங்களை அவர் கையாளத் தொடங்கியது தகராறுக்கு வெகு முன்பே என்பதை அது நிறுவிவிடுகிறது.

இங்கே தஞ்சையின் நிலம் ஒரு சிக்கலைக் கிளப்புகிறது. காவிரிப் பாசனத்தில் நெல் வயலுக்கு நீர் வாய்க்காலில் தானாகப் பாய்கிறது. மடை திறந்தால் போதும். ஏற்றம் மேட்டு நிலத்துக்கும் தோட்டக்கொல்லைக்கும் உரியது. சாஸ்திரியார் பிறந்தது 1774இல் திருநெல்வேலியில். சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்து வந்தபோது அவர் சிறுவர். திருநெல்வேலிச் சீமையின் கிணற்றுப் பாசன நிலத்தில் கேட்டுப் பழகிய பாட்டு அவர் காதில் தங்கி, ஆற்றுப்பாசன ஊரில் எழுத்தாகியிருக்கலாம். இதை ஊகம் என்றே சொல்கிறேன். ஆனால் ஊகம் சரியென்றால் ஒரு விளைவு உண்டு: அந்தப் பாட்டு தஞ்சை வேளாளரின் பண்பாட்டு அடையாளமாக இருந்திருக்கவே முடியாது. அது எங்கும் துலா மிதித்தவர்களின் சொத்து. தஞ்சைப் பண்ணையில் அந்த வேலை செய்தவர்கள் பெரும்பாலும் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களோடு ஒரு பக்கமாக உட்கார மறுத்தவர்தான் அவர்கள் குரலில் வேதத்தைப் பாடினார்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உடனே வரும், வர வேண்டும். தாழ்த்தப்பட்டவரின் பாட்டை எடுத்துக்கொள்வது தாழ்த்தப்பட்டவரை ஏற்பதாகாது. குற்றாலக் குறவஞ்சி எழுதிய கவிராயர் குறவரைத் தம் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார் என்று யாரும் சொல்லவில்லை. சரபோஜிமேல் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலில் ஆடியபோதும் குறவர்களின் நிலை மாறிவிடவில்லை. இதை முழுமையாக ஏற்கிறேன். சாஸ்திரியார் சாதியை வென்றார் என்பது என் வாதம் அல்ல. அவருடைய விண்ணப்பமும் அவருடைய பாட்டும் ஒரே துணி அல்ல என்பதுதான். விண்ணப்பம் ஒரு சாதிக்காகப் பேசுகிறது. பாட்டு எடுத்துக்கொண்ட வடிவங்களோ அந்தச் சாதிக்கு வெளியேதான் பிறந்தவை. ஒரே மனிதர் இரண்டையும் செய்தார் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

பிற்கால நிகழ்வுகள் இந்தப் பிரிவினையை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று எழுதினார். தஞ்சையில் பலர் வெளியேறினார்கள். அடுத்த பதிற்றாண்டில் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தபோது, சாதி விஷயத்தில் அது பொறுமையாக இருந்ததால், அவர்களில் பலர் அங்கே சேர்ந்தார்கள். ஹட்சன் சொல்வதுபோல் சாதியும் கீர்த்தனையும் ஒரே உடம்பென்றால், கீர்த்தனை இந்தச் சபையில்தான் தழைத்திருக்க வேண்டும். நடந்தது வேறு. லுத்தரன் ஆராதனையின் முதுகெலும்பாக ஜெர்மன் ஞானப்பாட்டே நீடித்தது.

மறுபக்கம் மதுரையில் அமெரிக்க மிஷன் 1847இல் சாதிக்கு எதிராக மிகக் கடுமையான நிலை எடுத்தது. எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்தவர்களில் உபதேசிமாரும் இருந்தார்கள். அவர்களை இழக்கவும் மிஷன் தயங்கவில்லை. கீர்த்தனைகளை முதன்முதலாகச் சபைப் பொது ஆராதனைக்கென்று தொகுத்து அச்சிட்டதும் அதே மிஷன்தான். திண்டுக்கல்லில் இருந்த எட்வர்ட் வெப் 1853இல் கொண்டுவந்த அந்தத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாட்டுகள் ஏராளம். அப்போது அவர் உயிரோடிருந்தார்; மறைந்தது 1864இல். தஞ்சையில் தங்களுக்கு எட்டாத இருக்கையில் அமர்ந்திருந்தவரின் பாட்டை, மதுரைச் சீமைக் கிராமங்களின் ஏழைச் சபைகள் ஒரே பாயில் உட்கார்ந்து பாடின. சாதியை விட மறுத்தவர்கள் போன சபையில் ஞானப்பாட்டு. சாதியை விடச் சொன்ன சபையில் கீர்த்தனை. தூணும் கொடியும் என்ற உருவகம் இந்த இடத்தில் நிற்காது.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. லுத்தரன் வீடுகளிலும் கீர்த்தனை பாடப்பட்டது. ஆங்கிலிக்கர் வீடுகளிலும் அப்படியே. வெப் தொகுப்பு ராகங்களை அப்படியே காத்ததா, சபை வசதிக்காக எளிதாக்கியதா என்பது பாட்டுக்குப் பாட்டு தனியே பார்க்க வேண்டிய விஷயம். பிற்பாடு 1917இல் தஞ்சையிலிருந்தே கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் போன்றவர்கள் இசை இலக்கணப் பக்கமாக அதை விரிவாக ஆராய வழி செய்தார்கள். என் கேள்வி அதைவிடச் சிறியது. 1829இன் நான்கு புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்ததால், ஏற்றத்திலும் கும்மியிலும் பிறந்து சாஸ்திரியார் கை வழியாக வந்த பாட்டுக்கு உரிமை யாருக்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. துலாவில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தஞ்சைச் சபைகளில் பாடுகிறார்கள். அந்த உரிமையில் முதற்பங்கு அவர்களுடையது என்று கொண்டே இனி இந்த ஆய்வு தொடர வேண்டும்.