உரலும் புனமும்: பிரேசிலின் கிலோம்பு மக்கள்

பிரேசில் என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருபவை காப்பியும் காற்பந்தும் அமேசான் நதியுமே. இன்று நான் பேசப் புகுவது அந்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றி. அடிமைத் தளையை அறுத்துக்கொண்டு காட்டிற்குள் சென்றவர்களும், எசமானர்கள் கைவிட்டுப் போன இடத்திலேயே நிலைத்து நின்றவர்களும் அமைத்த ஊர்கள் அவை. அவற்றிற்குக் கிலோம்பு என்று பெயர். ஆப்பிரிக்காவில், அங்கோலா நாட்டின் கிம்புந்து மொழியிலிருந்து கடல் கடந்து வந்த சொல் அது. போர்வீரர் பாசறை என்பது அதன் பழைய பொருள்.

பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஆப்பிரிக்காவிலிருந்து பிரேசில் கரையில் இறக்கப்பட்ட அடிமைகள் சுமார் 48 லட்சம் பேர் என ஆராய்ச்சியாளர் கணக்கிடுகின்றனர். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டிற்கும் இத்தனை பேர் கொண்டுசெல்லப்படவில்லை. கரும்புத் தோட்டத்திலும் பொற்சுரங்கத்திலும் உழன்ற இவர்கள் வாய்ப்பு நேர்ந்தபோதெல்லாம் தப்பி ஓடினர். 1740ஆம் ஆண்டில், போர்ச்சுகல் அரசரின் கடல்கடந்த நாடுகளுக்கான ஆலோசனைச் சபை, கிலோம்பு என்பது யாது என விளக்கம் வகுத்தது. தப்பியோடிய கறுப்பின மக்கள் ஐவருக்கு மேல் ஆளரவமற்ற இடத்தில் தங்கினால் அது கிலோம்பு. அங்கே குடிசை எழும்பாவிடினும், உரல்கள் காணப்படாவிடினும் அது கிலோம்புதான்.

இவ்விளக்கத்தில் உரல் ஏன் வந்தது? உரல் இருந்தால் குத்துவதற்குத் தானியம் இருக்கிறது. தானியம் இருந்தால் எங்கோ விளைநிலம் இருக்கிறது. அடுத்த அறுவடைக்காகக் காத்திருக்கும் குடும்பமும் இருக்கிறது. ஓடி ஒளிந்த ஒருவனைப் பிடித்துவிடலாம். உழைத்து உண்டு, பிள்ளை பெற்று வாழும் ஓர் ஊரைப் பிடிப்பது அவ்வளவு எளிதன்று. சபையினர் இதை நன்கு உணர்ந்திருந்தனர் போலும்.

அவர்கள் உணர்ந்ததற்குக் காரணமும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில், இன்றைய அலகோவாஸ் மாநிலத்தின் பரிகா மலைத்தொடரில், பால்மாரெஸ் என்னும் கிலோம்புக் கூட்டம் ஓர் அரசைப் போலவே விளங்கிற்று. அதன் தலைவர் கங்கா சும்பா 1678இல் போர்ச்சுகீசியருடன் உடன்படிக்கை செய்துகொண்டார். அதை ஏற்க மறுத்த சும்பி என்பார் போரைத் தொடர்ந்தார். 1694இல் பால்மாரெஸ் வீழ்ந்தது. 1695 நவம்பர் 20ஆம் நாள் சும்பி கொல்லப்பட்டார். 2024 முதல் அந்நாள் பிரேசில் முழுவதற்கும் விடுமுறை நாள்.

வீரர் கதை எவரையும் கவரும். ஆனால் வரலாறு பயிலும் மாணவர்கள் பால்மாரெஸோடு நின்றுவிடலாகாது என்பது என் எண்ணம். போர் முழக்கமின்றி, கொத்தும் அரிவாளும் கொண்டு நிலைத்த கிலோம்புகள் பல. சாவோ பாவுலோ மாநிலத்தின் தெற்கே ரிபெய்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கு அத்தகைய இடம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கே பொன் கிடைத்தது, அடிமைகள் கொணரப்பட்டனர். பின்னர் மினாஸ் ஜெராயிஸ் பகுதியில் பெரும்பொன் கிடைத்தது என்ற செய்தி பரவவே, எசமானர்கள் அவ்வழி விரைந்தனர். ஆற்றங்கரையில் எஞ்சி நின்ற கறுப்பின மக்கள் காட்டைத் திருத்திப் பயிரிடலாயினர். இவாபொருந்துவா என்பது இப்பள்ளத்தாக்கின் மிகப் பழைய ஊர்களுள் ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய சிறு தேவாலயம் ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது.

அவர்களுடைய வேளாண்மையை நம் பழந்தமிழ்ச் சொல்லால் புனம் எனலாம். காட்டில் ஒரு சிறு பகுதியை வெட்டி உலர்த்துவர். நெருப்பு அப்பால் தாவாதபடி சுற்றிலும் செத்தையை அகற்றிவிட்டு எரிப்பர். இது வறண்ட குளிர்மாதங்களில் நடக்கும். அங்கே ஜூலையும் ஆகஸ்டும் குளிர்காலம் என்பதை மாணவர்கள் மறத்தல் வேண்டா. மழை தொடங்கியதும் சாம்பல் படிந்த மண்ணில் நெல், மக்காச்சோளம், அவரை வகைகள், மரவள்ளி ஆகியவற்றை ஊன்றுவர். சில ஆண்டுகள் விளைந்தபின் அந்நிலத்தைக் காட்டிற்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வர். பல ஆண்டு கழித்து, மரங்கள் மீண்டும் ஓங்கியபின் திரும்பி வருவர். ஒரு குடும்பத்தால் முடியாத வேலைக்கு ஊரே திரளும். உழைத்தவர்களுக்கு அன்று உணவும், இரவில் ஆடலும் பாடலும் உண்டு. நச்சுத்தன்மையுள்ள மரவள்ளியைத் துருவி, பின்னிய நீண்ட கூடையில் அடைத்துச் சாறு பிழிந்து, மாவாக வறுக்கும் கலையை அந்நாட்டுப் பழங்குடிகளிடமிருந்து இவர்கள் கற்றனர். நெல்லையோ மர உரலில் குத்தினர்.

இத்தனை தலைமுறை உழைத்தும் நிலம் அவர்களுடையதாக எழுத்தில் இல்லை. 1850ஆம் ஆண்டின் நிலச்சட்டம், அரசு நிலத்தை விலைகொடுத்தே பெறவேண்டும் என்றது. பணமும் பத்திரமும் இல்லாதவர் என் செய்வர்? 1888 மே 13ஆம் நாள் அடிமைமுறையை ஒழித்த சட்டத்தில் இரண்டே விதிகள். நிலத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1988இன் அரசியலமைப்புத்தான், கிலோம்பு வழிவந்த சமூகங்கள் தாம் வாழும் நிலத்திற்கு உரிமையாளர் என்று கூறி, பட்டயம் வழங்குமாறு அரசைப் பணித்தது. அதனைச் செயற்படுத்தும் 2003ஆம் ஆண்டு ஆணையை எதிர்த்து வழக்கு நடந்தது. 2018இல் உச்சநீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

உரிமை கேட்பவர் சான்று காட்டவேண்டும் அன்றோ? இங்கேதான் முதியோரின் நினைவு கைகொடுத்தது. இன்னார் பாட்டனின் புனம் இவ்விடம், இவ்வளவு உயர்ந்த காடு இத்தனை ஆண்டாக ஓய்ந்த நிலம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. கல்லாதார் என்று ஒதுக்கப்பட்டோர் காட்டையே ஏடாகப் படித்தனர் என்றால் மிகையாகாது.

ஆயினும் இடர் தீர்ந்தபாடில்லை. 1969இல் இப்பள்ளத்தாக்கில் மாநிலப் பூங்கா ஒன்றை அரசு அமைத்தபோது, மக்கள் வாழ்ந்த நிலங்களும் அதன் எல்லைக்குள் அகப்பட்டன. காட்டைக் காக்கும் சட்டம் நல்லதே. எனினும் அக்காட்டைச் சுழற்சியாகப் பயிரிட்டு வந்தவரையே குற்றவாளியாக்கும்போது சட்டத்தின் பார்வை குறுகிவிடுகிறது. புனம் வெட்டவும் உரிமம் வேண்டும். உரிமம் தாமதித்தால் விதைப்புக் காலம் கடந்துவிடும். விதைக்காத விதை சில ஆண்டுகளில் முளைக்கும் ஆற்றலை இழக்கும். ஆற்றின் குறுக்கே அணை கட்டும் திட்டம் ஒன்றும் நெடுங்காலம் அச்சுறுத்தியது. மக்கள் விடாது எதிர்த்தனர். 2016இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து, 2018இல், இவர்களுடைய வேளாண்முறையையே பிரேசிலின் பண்பாட்டுச் செல்வமாக அந்நாட்டுத் தேசிய மரபுரிமை நிறுவனம் பதிவு செய்தது. எந்தப் புனத்திற்கு உரிமம் தாமதிக்கப்பட்டதோ, அந்தப் புனமே மரபுரிமையாயிற்று!

2022இல் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புத்தான் கிலோம்பு மக்களை முதன்முதலாகத் தனியே எண்ணியது. சுமார் 13 லட்சம் பேர் எனத் தெரியவந்தது. அவர்களுள் பட்டயம் பெற்ற நிலப்பரப்பில் வாழ்ந்தவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு.

ரிபெய்ராப் பள்ளத்தாக்கில், எல்டொராடோ என்னும் சிறு நகரத்தில், 2008 முதல் விதை மாற்றும் சந்தை ஒன்று நடத்தப்பட்டு வருகிறது. ஓர் ஊரில் அருகிப்போன நெல் மற்றோர் ஊரில் இருக்கும். ஒருவர் மக்காச்சோள விதையோடு வருவார், இன்னொருவர் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டி எடுத்து வருவார். கொடுத்தவர் வேறொன்றைப் பெற்று ஊர் திரும்பி, மழைக்காலத்தில் அதை ஊன்றுகின்றனர்.