தேம்ஸ் சேறும் தரங்கம்பாடி மணலும்

பழைய துறைமுகமோ கோட்டையோ இருந்த கரையில் அடையாளம் தெரியாத உலோகத் துண்டு ஒன்று கிடைத்தால், “இது என்ன?” என்று கேட்பதற்கு முன், “இந்தக் கரை எப்படிப்பட்டது?” என்று கேட்க வேண்டும். லண்டனின் தேம்ஸ் ஆற்றங்கரையையும் நம் தரங்கம்பாடிக் கடற்கரையையும் சேர்த்துப் பார்த்தால் அதன் காரணம் புரியும்.

லண்டனில் ஓதம் சுமார் 7 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. நாளுக்கு இரண்டு முறை நீர் வற்றி ஆற்றின் அடிச்சேறு வெளியே தெரியும். தரங்கம்பாடியில் ஓதம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அங்கே புதைந்ததை வெளிக்கொணர்வது வடகிழக்குப் பருவமழைக்காலத்து அலைகள்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் டேன்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னும் கடல் ஊரை அரித்துக்கொண்டே வந்திருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியே கடலுக்குள் போய்விட்டது. எனவே மணலில் கிடக்கும் காசு, யாரோ நடந்துபோகும்போது அந்த இடத்தில் தவறவிட்டதாக இருக்க வேண்டியதில்லை. கரைந்துபோன தெருவோடு சேர்ந்து வந்ததாகவும் இருக்கலாம். தேம்ஸ் சேற்றில் ஆழப் புதைந்த பொருளோ, விழுந்த இடத்தின் அருகிலேயே கிடக்க வாய்ப்பு அதிகம்.

உலோகத்தின் கதியும் வேறு. தேம்ஸ் சேற்றுக்குள் காற்றுப் புகாததால், பல நூற்றாண்டுக்கு முந்தைய பித்தளைக் குண்டூசிகூடப் பளபளப்போடு வருகிறது. வெள்ளீயமும் ஈயமும் கலந்து வார்த்த யாத்திரைச் சின்னங்களில் உருவங்களின் முகம்வரை தெளிவாகத் தெரியும். தரங்கம்பாடியில் உப்பும் காற்றும் சேர்ந்து தின்கின்றன. செம்பில் பச்சைக் களிம்பு ஏறுகிறது. ஈயத்தின் மேல் வெண்சாம்பல் படலம் படிகிறது. இரும்பு, மணலையும் சிப்பியையும் தன்மேல் இறுக்கிக்கொண்டு உருவமில்லாத கட்டியாகிவிடும். சில கட்டிகளை எக்ஸ்ரேயில் பார்த்தால் உள்ளே இரும்பே இருக்காது, அது இருந்த பள்ளம் மட்டும் அச்சுப்போல எஞ்சியிருக்கும். ஆகவே தேம்ஸ் பொருளைக் கண்ணால் படித்துவிடலாம். தரங்கம்பாடியில் முதலில் கையில் எடைபார்த்து, காந்தத்தைக் காட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடியில் டேனிஷ் காசுகளை அறிவது அவ்வளவு கடினமல்ல. தொடக்கக் காலத்தவை ஈயம், பிறகு வந்தவை செம்பு. மகுடத்தின் கீழ் மன்னர் பெயரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் பின்னியிருக்கும். கிறிஸ்டியான் என்றால் ‘சி’, பிரெடரிக் என்றால் ‘எஃப்’. மறுபுறம் வணிகக் கும்பினியின் கூட்டெழுத்தோ, பிற்காலத்தில் மதிப்பும் ஆண்டுமோ இருக்கும். ஏமாற்றுவது உருண்டை ஈயம்தான். துப்பாக்கிக் குண்டா, மீனவர் வலையில் கோக்கும் ஈயக்குண்டா? துளை இருந்தால் பெரும்பாலும் வலையுடையது. துளையில்லாமல், நடுவில் அச்சின் இணைப்புக் கோடும், வார்த்த காம்பை வெட்டிய தடமும் தெரிந்தால் துப்பாக்கிக் குண்டாக இருக்கலாம். தேம்ஸ் கரையிலும் ஈயம்தான் பலரைக் குழப்புகிறது. துணிச் சுருளின் ஓரத்தில் மடித்து முத்திரையிட்ட ஈய வில்லைகளைக் காசு என்று நினைத்துவிடுவார்கள்.

எழுத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்து. 1857 முதல் லண்டனில் வில்லியம் ஸ்மித், சார்லஸ் ஈட்டன் என்ற இருவர் ஈயச் சின்னங்களைத் தாங்களே வார்த்து, ஷாட்வெல் கப்பல்துறை தோண்டும்போது கிடைத்தவை என்று சொல்லி விற்றார்கள். சிலவற்றில் 11-ஆம் நூற்றாண்டு ஆண்டுகள் 1, 2, 3 என்ற இன்றைய எண்களில் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த நூற்றாண்டின் லண்டனில் ரோமன் எண்கள்தான் வழக்கம். ஆனாலும் சார்லஸ் ரோச் ஸ்மித் போன்ற பெரிய அறிஞரே அவற்றை மெய்யென்று வாதாடினார். 1861-ல் குட்டு உடைந்தது. பொருள் எங்கே, எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி இல்லாததால்தான் அந்த மோசடி அத்தனை காலம் ஓடியது.

லண்டன் அதிலிருந்து பாடம் கற்றது என்றே நான் கருதுகிறேன். இன்று துறைமுக ஆணையத்தின் அனுமதியின்றித் தேம்ஸ் கரையில் எதையும் தேடக் கூடாது. 300 ஆண்டுக்கு மேற்பட்டதை லண்டன் அருங்காட்சியகத்தின் அலுவலரிடம் காட்ட வேண்டும். இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக 1997-ல் தொடங்கிய பதிவுத் திட்டத்தில், பொதுமக்கள் கண்டெடுத்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இடக்குறிப்போடு சேர்ந்துள்ளன.

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். கண்டெடுத்தவர் அச்சப்படாமல் போய்க் காட்ட ஓர் ஆள்தான் இல்லை. கரூர் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த சேர மன்னன் மாக்கோதையின் வெள்ளிக்காசை ஆராய்ந்து நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி சேரர் வரலாற்றுக்கே ஒளி தந்தார். அந்த ஆற்றின் எத்தனையோ காசுகள் எங்கே கிடைத்தன என்ற குறிப்பே இல்லாமல் கைமாறிப் போயின. தரங்கம்பாடியிலும் அதுவே நடக்க விடக் கூடாது.

கரையில் எதையாவது கண்டால் கிடக்கும் நிலையிலேயே படமெடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புளிபோட்டுத் தேய்க்காதீர்கள், களிம்போடு எழுத்தும் போய்விடும். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். வெடிகுண்டோ என்று ஐயம் வந்தால் தொடவே வேண்டாம், காவல்துறைக்குச் சொல்லுங்கள். டேன்ஸ்பர்க் கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கேயே ஒரு பதிவேட்டையும், அதைக் கவனிக்க ஓர் அலுவலரையும் அரசு ஏற்படுத்த வேண்டும்.