மூச்சை அளந்த கருவியும் மனச்சான்றும்

சாலையில் ஓர் உயிர் போய்விட்டால், ‘விதி முடிந்தது’ என்று சொல்லிப் பெருமூச்சு விடுவது நம் வழக்கம். விபத்து என்றாலே எதிர்பாராமல் நேர்ந்தது என்று பொருள்கொள்ளப் பழகிவிட்டோம். ஆனால் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவரால் நேர்ந்த சாவை எதிர்பாராதது என்று சொல்ல முடியுமா? இக்கேள்விக்குச் சட்டமும் அறிவியலும் விடை தேடிய வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே இங்கிலாந்துச் சட்டம் இக்குற்றத்தை அறிந்திருந்தது. குடிவெறியில் பொதுச் சாலையில் குதிரையையோ, வண்டியையோ, நீராவி எந்திரத்தையோ நடத்திச் செல்வது 1872-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. 1897 செப்டம்பரில் இலண்டனில் மின்சார வாடகை வண்டியைக் கட்டடத்தின்மீது மோதிய ஓட்டுநர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். ஒப்புக்கொள்ளாதவரை என்ன செய்வது? நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார்கள். பேச்சு குழறுகிறதா என்று கவனித்தார்கள். கண்டவர் சொல்லே சான்றாக இருந்தது.

இடர்ப்பாட்டின் வேர் மதுவின் இயல்பிலேயே இருந்தது. கால் தள்ளாடுவதற்கு முன்னரே அது தம்மைத் தாமே மதிப்பிடும் ஆற்றலை மழுங்கச் செய்கிறது. எதிரில் வருவதைக் கண்டு பிரேக்கை மிதிக்கும் கணத்தைத் தாமதமாக்குகிறது. ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று குடித்தவர் சொல்வது எப்போதும் பொய்யன்று, நம்பியே சொல்கிறார். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஆகவே குடித்தவரின் சொல்லைச் சாராத அளவுகோல் ஒன்று தேவைப்பட்டது. இரத்தத்தில் உள்ள மதுவின் அளவுக்கு எண்ணால் எல்லை வகுத்த முதல் நாடு நார்வே, ஆண்டு 1936. பின்னர் 1954-இல், அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய இராபர்ட் போர்க்கன்ஸ்டைன், ஊதும் மூச்சைக்கொண்டே மதுவின் அளவைக் கணிக்கும் கருவியை அமைத்தார். 1960-களில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்டு ராப்பிட்ஸ் நகரில் அவர் நடத்திய ஆய்வு, விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டது. இரத்தத்தில் மது ஏற ஏற விபத்தின் வாய்ப்பும் வேகமாக ஏறுவதை அது காட்டிற்று.

1967 அக்டோபரில் பிரித்தன் மூச்சுச் சோதனையைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பதே எல்லை. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் பின்வாங்கவில்லை. முதல் ஆண்டிலேயே சாலைச் சாவுகள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன. ஆனால் சோதனைக்கு அகப்படுவது அரிது என்பதை ஓட்டுநர்கள் உணர்ந்ததும், அச்சம் தணிந்தது; பலனும் சில ஆண்டுகளில் தேய்ந்தது.

நம் நாட்டிலோ, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே குடித்து ஓட்டுவதைக் குற்றமாக்கிற்று. இன்று நடப்பிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 30 மில்லிகிராமையே எல்லையாக வைத்துள்ளது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் குற்றத்திற்கான அபராதத்தைப் பத்தாயிரம் ரூபாயாக உயர்த்திற்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருத்தல் ஆகாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டிலேயே அதற்கு விலக்குகளும் பிறந்தன.

மூச்சை அளந்தோம், கடைக்கும் சாலைக்கும் இடையிலுள்ள தொலைவையும் அளந்தோம். இவை வேண்டியவையே. ஆயினும் எண் ஒன்று கையில் கிடைத்ததும், ‘எவ்வளவு குடித்தால் அகப்படமாட்டோம்?’ என்று கணக்குப் பார்க்கிறோமே தவிர, ‘நான் ஓட்டலாமா?’ என்று கேட்பதில்லை. குடிவெறியினாலோ வேக வெறியினாலோ சாலையில் பிறர் உயிருக்கு ஊறு தேடுவோர் கனமான குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்று, 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் போதிக்கிறது. அங்கே எல்லைக்கணக்கு எதுவும் இல்லை.

மயங்கிய அறிவு நல்ல முடிவு எடுக்காது. எனவே முதல் கிண்ணத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட வேண்டும். நம் திருமண வீடுகளிலும் திருவிழா விருந்துகளிலும், குடித்தபின் வண்டிச் சாவியை எடுப்பவரின் கையைப் பிடித்து நிறுத்த ஓர் உறவினர் இருந்தால் போதும். அந்நேரத்தில் அவர் கோபித்துக்கொள்ளலாம். கோபம் விடியும்போது தணிந்துவிடும். போன உயிர் திரும்பாது. அந்த உறவினராக இருக்க நாம் ஆயத்தமா?