வில்லின் இரண்டு பாரங்கள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து வேட்டைக்காரர் ஹொலிஸ் வில்பர் அலனுக்கு ஒரு கவலை. நாண் சத்தம் கேட்ட மான், அம்பு போய்ச் சேர முன்னமே துள்ளி விலகிவிடும். அம்பின் வேகத்தைக் கூட்ட, வில்லின் இரு நுனியிலும் கப்பி பூட்டிப் பார்த்தார். 1966இல் விண்ணப்பித்த காப்புரிமை 1969இல் கிடைத்தது. அதுதான் காம்பவுண்ட் வில்.

மையம் விலகிய கப்பி இன்னொன்றையும் தந்தது. பழைய வில்லில் இழுக்க இழுக்கப் பாரம் கூடும். இதில் முழுசா இழுத்தபிறகு குறையும். இன்றைய 60 இறாத்தல் வில்லில் 80 வீதம் குறைஞ்சால், கை தாங்குவது 12 இறாத்தல்தான். ஆறுதலாகக் குறிபார்க்கலாம்.

ஆனால் இந்த ஆறுதல் சும்மா கிடைக்கேல்லை. உலோகமும் கப்பியும் சேர, மரவில்லை விட இது தோளில் கனத்தது. மலைக்காட்டில் நாள்கணக்காய் நடக்கிறவர்களுக்காக அலுமினியப் பிடியைக் குடைந்து பாரம் குறைத்தார்கள். பிறகு கார்பன் வந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு: பாரம் மிகக் குறைந்த வில் காற்றில் அசையும். குறி பிசகினால் காயத்தோடு ஓடுவது மான்தான்.

ஆகவே வில் வாங்குகிறவர் தராசை மட்டும் பார்த்தால் போதாது. நடந்து களைச்ச கையிலும் அது அசையாமல் நிக்குதா எண்டு பார்க்கவேணும்.